பூகம்வில்லா இருநூறு

நாற்றுப்பண்ணையின் வாசலை ஒட்டிய கண்ணாடி அறையில் உட்கார்ந்து தொலைபேசி எடுப்பவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. வருகைப் பதிவேட்டைத் தவிர அதற்கு வேறெங்கும் வேலை கிடையாது. தண்ணீர் லாரி ஓட்டுகிறவரிலிருந்து முதலாளி வரை எல்லோருக்கும் அவள் எதிரொலியக்கா. முதலாளிக்கு எழுபது வயது, இவளுக்கு ஐம்பது. அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். இந்த வயதில் ஒரு அக்கா கிடைப்பதற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

பெயர் வந்த கதை சின்னது. ஒருவர் "எலிமிச்ச இருக்கா?" என்று கேட்டால், "எலிமிச்ச இருக்குங்க, எத்தன வேணும்?" என்பாள். அவர் போனை வைத்த கையோடு இன்னொருவர் லெமிச்சங்கன்று கேட்டால் இவள் வாயிலும் அது லெமிச்சங்கன்றாகிவிடும். மூன்றாமவர் வாத்தியார் தோரணையில் "எலுமிச்சை" என்று கடைசி எழுத்து வரை விடாமல் சொன்னால், இவளும் ஒரு எழுத்தைக்கூடக் கீழே சிந்த மாட்டாள். ரோஜாவா, ரோசாவா, ரோசுவா, கொய்யாவா, கொய்யாக்காவா, நீங்கள் எதைச் சொன்னாலும் அது உங்கள் வாயிலிருந்து போனபடியே உங்கள் காதுக்குத் திரும்பி வரும். ஒரு பெரியவர் குரோட்டன்ஸைக் "குறட்டான்" என்று கேட்டார். குறட்டான் நாலு நிறத்தில் இருப்பதாக மரியாதையாகப் பதில் சொல்லி, ரிசீவரை வைத்த பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்து ஐந்து நிமிடம் சிரித்தாள். சிரித்தாளே தவிரத் திருத்தவில்லை. யாரையும் திருத்தியதில்லை.

திருத்தினால் எப்படி வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும். அப்பா சாலை போடும் மேஸ்திரி. சாலை எங்கே போகிறதோ அங்கே குடும்பமும் பாத்திரம் பண்டத்தோடு போகும். பத்து வயதுக்குள் ஏழு பள்ளிக்கூடம். ஒரு ஊரில் அவள் "வாள மரம்" என்றபோது வகுப்பே சிரித்தது, ஏனென்றால் அங்கே எல்லோருக்கும் அது "வாய மரம்". கஷ்டப்பட்டு நாக்கைத் திருப்பி வாய மரத்துக்குப் பழகினால், அடுத்த ஊரில் அதற்கும் ஒரு சிரிப்புக் காத்திருந்தது. நாலாவது பள்ளியில் பிள்ளை தேறிவிட்டாள். முதல் மூன்று நாள் வாயே திறக்க மாட்டாள், காதை மட்டும் திறந்து வைத்திருப்பாள். நாலாம் நாள் பேசினால் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் போல இருக்கும். ஊரோடு ஒத்து வாழ் என்பதை அவள் நாக்கு வழியாகத்தான் கற்றாள். உன் சொந்தப் பேச்சில் வாழையை எப்படிச் சொல்வாய் என்று கேட்டால், "யார்கிட்ட?" என்று திருப்பிக் கேட்பாள்.

கல்யாணம் ஆன வீட்டிலும் இதே கூத்துதான். மாமியாருக்கு அது ரோசா. தையல்காரரான கணவருக்கு ரோஜா. "அத்தைக்கு ரோசா பறிச்சாச்சு, உங்களுக்கு ரோஜா வேணுமா?" என்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டுப் போவாள். இருவரும் ஒருநாளும் அதைக் கவனித்ததில்லை.

பண்ணையில் சேர்ந்த முதல் வருடமே அவளுக்கு ஒன்று பிடிபட்டது. இந்த நகரத்தில் மூன்று பக்கத்துச் சனமும் கலந்து கிடக்கிறது. மலைப்பக்கம், கடற்பக்கம், வயற்பக்கம். வீடு, உடுப்பு, வேலை எதிலும் வித்தியாசம் தெரியாது. செடியின் பெயரைச் சொல்லச் சொன்னால் போதும், குட்டு உடைந்துவிடும். கடற்பக்கத்தார் ஓகாரத்தை உருட்டி ஊகாரமாக்கிவிடுவார்கள். போகன்வில்லா அவர்கள் வாயில் பூகம்வில்லா. மலைப்பக்கத்தார் பாதிச் சொல்லை விழுங்கிவிடுவார்கள். வயற்பக்கத்தார் எதையும் அவசரப்படாமல் இழுத்து, முடிவில் ஒரு காயையோ கன்றையோ ஒட்டவைத்துத்தான் விடுவார்கள்.

கண்டுபிடித்ததை வீணாக்குகிற ஆள் இல்லை அவள். செடி எடுத்துக் கொடுக்கும் துண்டுச் சீட்டில், பெயருக்கும் எண்ணிக்கைக்கும் கீழே ஓரெழுத்து எழுத ஆரம்பித்தாள். மலை என்றால் ம. கடல் என்றால் க. வயல் என்றால் வ. சீட்டு நேராகப் பின்கொட்டகைக்குப் போகும். அங்கே மண்காரர் இருக்கிறார். அவர் முன்னால் தார்ப்பாயால் மூடிய மூன்று குவியல்கள். க சீட்டு வந்தால் மணல் தூக்கலாக, வ சீட்டு வந்தால் களிமண் சேர்த்து, ம சீட்டு வந்தால் இலைமக்கை அள்ளிப் போட்டுத் தொட்டியை நிரப்புவார். "அவங்கவங்க ஊரு மண்ணுக்கு அவங்கவங்க செடி பழகியிருக்கணும்மா" என்பது அவர் விளக்கம். அந்த விளக்கத்தை இருபத்திரண்டு வருடமாக யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. செடிகள் பிழைத்தன, பிழைக்கும்போது யார் காரணம் கேட்கிறார்கள்.

நாலு மாதத்துக்கு முன் முதலாளியின் மாப்பிள்ளை பொறுப்புக்கு வந்தார். முப்பத்தைந்து வயது, படித்தவர், பண்ணையில் உள்ள அத்தனை பேரையும் நீங்க வாங்க என்று பேசுகிறவர். அதுதான் சங்கடம். கொஞ்சம் கெட்டவராக இருந்திருந்தால் பின்கொட்டகையில் கூடித் திட்டியாவது தீர்த்திருக்கலாம். அவர் ஒரு படிவம் செய்திருந்தார். வாங்குகிறவர்கள் கைபேசியில் வீட்டு முகவரியைப் போட்டால், வரைபடமே அந்த இடத்து மண் என்ன என்று சொல்லிவிடும். மண்காரருக்கு எழுத்தும் தானாக அச்சாகி வரும்.

"ரெண்டு மாசம் ரெண்டும் ஓடட்டும்க்கா" என்றார் மாப்பிள்ளை. "போன்ல வர்றத நீங்க பாருங்க, படிவத்துல வர்றத அது பாக்கட்டும். எதுல செடி நிக்குதோ அத வச்சுக்குவோம். படிவம் போதும்னு ஆச்சுன்னா நீங்க செடிக்குக் காகிதம் சுத்துற எடத்துக்கு வந்துடலாம். நெழலுதான், செரமம் இருக்காது."

நிழலுக்கு என்ன, நன்றாகத்தான் இருக்கும். ஆனால் காகிதம் பேசாது. ஒரு நாளைக்கு ஐம்பது குரல் அவளுக்கு. எந்த வாயால் மூன்று வகுப்பறைகளில் கூனிக்குறுகி நின்றாளோ, அந்த வாயைத் தேடி இன்றைக்கு ஐம்பது பேர் அழைக்கிறார்கள். அந்த நாற்காலி போனால் தனக்கு என்ன மிச்சம் என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. இதைப் போய் யாரிடம் சொல்வது. "சரிங்க சார்" என்றாள்.

அடுத்த வாரமே ஒரு பெரிய அழைப்பு வந்தது. ஏதோ அடுக்குமாடிக் குடியிருப்பின் தோட்டக்காரர். "பூகம்வில்லா எரநூறு வேணும்மா. தொட்டியோட. செவப்பும் வெள்ளையுமா, மதிலோரம் வரிசையா வைக்க."

"பூகம்வில்லா எரநூறு. அனுப்பிடறோம்ண்ணே" என்றாள் எதிரொலியக்கா. பூவன்னா உருண்ட உருட்டில் அலைச் சத்தமே கேட்டுவிட்டது அவளுக்கு. சந்தேகமே இல்லாமல் க என்று எழுதினாள். மண்காரர் இரண்டு நாள் மணல் சலித்துத் தோள்பட்டை வீங்கிப் போனார்.

ஐந்து வாரம் கழித்து மாப்பிள்ளைக்கு அந்தக் குடியிருப்பின் செயலாளரம்மாவிடமிருந்து அழைப்பு. உங்கள் போகன்வில்லா அழுகிப் போய்விட்டது, வந்து பாருங்கள் என்று பொரிந்து தள்ளிவிட்டு வைத்துவிட்டார். மாப்பிள்ளை பழைய சீட்டுகளைப் புரட்டி இருநூறு தொட்டிச் சீட்டை எடுத்தார். கீழே க இருந்தது. வரைபடத்தில் அந்த முகவரியைத் தட்டினார். சுற்றிலும் மூன்று மைலுக்குச் சுத்தக் களிமண்.

"கடல் எங்கயோ இருக்குக்கா" என்றார் மெதுவாக. அவருக்கே பாவமாக இருந்தது.

எதிரொலியக்கா சீட்டை வாங்கிப் பார்த்தாள். பேசினவர் கடற்பக்கத்து ஆளாக இருக்கலாம். வீடு கடற்பக்கத்தில் இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? பிழைக்க வந்தவர் எங்கே வேண்டுமானாலும் இருப்பார். இவ்வளவு சாதாரண விஷயம் இருபத்திரண்டு வருடமாகத் தன் புத்தியில் படவில்லையே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

சாயங்காலம் கணவர் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கதையைக் கேட்டார். "ஒரு சட்டையத் தப்பா வெட்டிட்டேன்னு நான் கத்திரிக்கோலத் தூக்கிப் போட்டுட்டனா?"

"நீங்க வெட்டினது ஒரு சட்டை. நான் ஒரே துணியில எரநூறு சட்டை வெட்டியிருக்கேன்."

"அப்ப கொஞ்சம் பெரிய தப்புதான்" என்று ஒப்புக்கொண்டு அவர் மறுபடி இயந்திரத்தை மிதித்தார். ஆறுதல் சொல்வதில் அந்த மனிதர் எப்போதும் அரைகுறை. ஆனாலும் அன்றைக்கு அவளுக்குச் சிரிப்பு வந்தது.

மறுநாள் காலை பண்ணையின் வேனில் மூன்று பேர் கிளம்பினார்கள். மாப்பிள்ளை ஓட்ட, பக்கத்தில் எதிரொலியக்கா, பின்னால் காலி மூட்டைகள் மேல் மண்காரர். "யானைக்கும் அடி சறுக்கும் தங்கச்சி" என்று அவர் பின்னாலிருந்து ஆரம்பித்தார்.

"நான் யானையும் இல்ல, சறுக்குனது அடியும் இல்லண்ணே. காது."

"காதும் யானைக்குப் பெருசுதானே" என்றார் மண்காரர்.

குடியிருப்பின் மேற்கு வாசலில் செயலாளரம்மா இடுப்பில் கைவைத்துக் காத்திருந்தார். படிக்கட்டின் இரண்டு பக்கமும் தொட்டிகள். இலை கொட்டிப் போன குச்சிகள், தண்டின் அடி கறுத்து, தொட்டால் வழுக்கியது. தன் நாற்காலி அங்கேயே அழுகிக் கிடப்பதாகத்தான் எதிரொலியக்காவுக்குத் தெரிந்தது.

மண்காரர் குனிந்து ஒரு தொட்டிக்குள் விரலைவிட்டார். எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். இன்னொரு தொட்டி, அதற்கடுத்த தொட்டி. "தங்கச்சி, இது நான் கலந்த மண்ணுதான். ஆனா மணல் எங்க? இது வயக் கலவைல்ல?"

"மத்த நூத்தம்பது தொட்டி எங்க மேடம்?" என்றார் மாப்பிள்ளை, எண்ணிப் பார்த்துவிட்டு.

"எந்த நூத்தம்பது? இது நான் கைபேசியில உங்க படிவத்துல போட்ட அம்பது. எல்லாம் போச்சு" என்றார் செயலாளரம்மா. "தோட்டக்காரர் போன்ல சொன்ன எரநூறு கெழக்கு மதில்ல இருக்கு. அதுக்கென்ன கேடு, அது பாட்டுக்குப் பூத்துத் தள்ளுது. அதனாலதான கேக்கறேன், எங்க வாசலுக்கு மட்டும் ஏன் சொத்தையா அனுப்புனீங்கன்னு."

மாப்பிள்ளை கிழக்குப் பக்கம் நடந்தார். எதிரொலியக்கா கிட்டத்தட்ட ஓடினாள்.

மதில் முழுக்கச் சிவப்பும் வெள்ளையும். கம்பிமேல் ஏறி, அந்தப் பக்கம் தெருவில் தொங்கி, நடைபாதையில் உதிர்ந்து கிடந்தது பூ. அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை. நடுவில் முழங்கால்வரை காலணி போட்ட ஒரு மனிதர் குழாயைப் பிடித்துத் தொட்டி தொட்டியாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஊற்றிய தண்ணீர் அடுத்த நிமிடம் அடித்துளை வழியாக ஓடிப் போய்க்கொண்டிருந்தது.

"பூகம்வில்லா நல்லா வந்திருக்குண்ணே" என்றாள்.

அவர் குழாயைத் தாழ்த்தினார். "போன்ல பேசுன அம்மா நீங்கதானா? கொரலக் கேட்டப்பவே நெனச்சேன். நம்ம பக்கமா?"

"உங்க பக்கத்துலயும் ஒண்ணர வருசம் இருந்திருக்கேன்."

மாப்பிள்ளை முன்னால் வந்தார். "அண்ணே, மேற்கு வாசல் செடிக்கும் நீங்கதான் தண்ணி விடுறீங்களா?"

"வேற யாரு? எல்லாத்துக்கும் நாந்தான். காலையில ரெண்டு தடவ, சாயந்தரம் ஒரு தடவ. வழிய வழிய."

"இந்தச் செடிக்கு அவ்வளவு தண்ணி ஆகாதேண்ணே. வேர் அழுகிடும்."

"விடாம இருந்தா எப்படித் தம்பி? மணல்ல தண்ணி நிக்குமா? நம்ம பக்கத்துல கைக்கொழந்தைக்குக்கூடத் தெரியும்."

"இங்க மணல் எங்க இருக்கு?"

தோட்டக்காரர் குனிந்து தன் காலணியைப் பார்த்தார். கணுக்கால்வரை களிமண் அப்பியிருந்தது. ஒரு காலைத் தூக்கிப் பார்த்தார், வைத்தார். அவருக்கே கொஞ்சம் ஆச்சரியமாகப் போயிற்று. "இருவத்தாறு வருசமா இங்கதான் இருக்கேன்" என்றார். "ஆனா மண்ணுன்னா எனக்கு அந்த மண்ணுதான். கை அப்படித்தான் போவுது."

மண்காரர் பெரிதாகச் சிரித்தார். "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சும்மாவா சொல்லி வச்சாங்க."

எதிரொலியக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடமும் மண்ணைக் கேட்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டது கையை. வீடு எங்கே வேண்டுமானாலும் மாறும், முகவரி பத்துத் தடவை மாறும், ஆனால் பூகம்வில்லா என்று சொல்கிற ஆள் அந்தப் பக்கத்துக் கையால்தான் தண்ணீர் ஊற்றுவார். மணல் கலவை அந்தக் கைக்குத் தாங்கும். வயல் கலவைக்குத் தண்ணீர் போகப் போக்கிடமில்லை. ஐம்பதும் ஐந்தே வாரத்தில் மூழ்கிச் செத்தன. தான் இத்தனை நாள் சரியாகச் செய்ததற்குத் தனக்கே காரணம் தெரிந்திருக்கவில்லை என்று நினைக்க நினைக்க அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. மதிலோரம் நின்று தோட்டக்காரரும் மண்காரரும் அவளும் சிரித்த சிரிப்பில் மூன்றாம் மாடிச் சன்னல் ஒன்று திறந்தது.

செயலாளரம்மாவுக்குச் சமாதானமாக ஐம்பது புதுத் தொட்டிகள் தருவதாக ஒப்புக்கொண்டு, சீட்டில் மாப்பிள்ளையே தன் கையால் க என்று எழுதினார்.

திரும்பும்போது அவர் சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஓட்டினார். அது கோபத்தாலா வெட்கத்தாலா என்று எதிரொலியக்காவுக்குத் தெரியவில்லை; நாற்காலி என்னவாயிற்று என்று கேட்கவும் நா எழவில்லை. பின்னால் மண்காரர் மூட்டைமேல் குறட்டை விட ஆரம்பித்திருந்தார்.

"நம்ம பண்ணையில இருந்தே வீட்டுக்கு மூணு மாதளஞ்செடி கொண்டுபோனேன்க்கா" என்றார் மாப்பிள்ளை திடீரென்று. "வரைபடத்தப் பாத்துதான் மண்ணு கலந்தோம். மூணும் காஞ்சு போச்சு. அதுவும் இப்படித்தானோ?"

"என்ன செடின்னீங்க?"

"மாதளஞ்செடி."

"உங்க பட்டியல்ல மாதுளைன்னுல்ல போட்டிருக்கீங்க."

"ஆமா, மாதுளைதானே எழுதுறது." அவருக்குப் புரியவில்லை.

"எழுதறது மாதுளை. வாயில வர்றது மாதளம். அதுவும் நடு எழுத்த முழுங்கிட்டு வருது. அது மலைப்பக்கம். அங்க யாரும் செடிக்குத் தண்ணிய ஊத்த மாட்டாங்க, கையால தெளிச்சு விடுவாங்க. நீங்களும் தெளிச்சுத்தான் விட்டிருப்பீங்க. எலமக்குக் கலவையில வச்சிருந்தா அதுவே தாங்கியிருக்கும்." தொழில் பேச்சு என்றால் அவளுக்குத் தயக்கமே வராது. "உங்க வீட்ல யாரு மலைப்பக்கம்?"

வேன் மெதுவாகி, சாலையோரம் ஒதுங்கி நின்றது. மண்காரரின் குறட்டை மட்டும் கேட்டது.

"அம்மா" என்றார். "எனக்கு ஆறு வயசுல தவறிட்டாங்க. அப்புறம் அப்பா வீட்டோட இங்கயேதான். அங்க போனதுகூட இல்ல." ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். "போட்டோ இருக்கு. மொகம் தெரியும். கொரல் மட்டும் எவ்வளவு யோசிச்சாலும் வராது. அவங்ககிட்ட இருந்து எனக்கு ஒண்ணுமே ஒட்டலன்னுதான் இத்தன நாள் நெனச்சேன்."

எதிரொலியக்கா மலைப்பக்கத்தில் இருந்த இரண்டு வருடத்தை யோசித்தாள். கொடியில் துணி போட்டுக்கொண்டே பக்கத்து வீட்டோடு பேசுகிற பெண்களை யோசித்தாள். பிறகு, பிள்ளையைக் கூட்டி வந்து செடியைக் காட்டுகிற ஒரு பெண் எப்படிச் சொல்வாளோ அப்படி, நடு எழுத்தை விழுங்கி, கடைசியை மேலே தூக்கிவிட்டு, "மாதளஞ்செடி" என்றாள்.

மாப்பிள்ளை அசையாமல் கேட்டார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தார்.

"போன் உங்ககிட்டயே இருக்கட்டும்க்கா. நீங்க ரிட்டயர் ஆகிற வரைக்கும்" என்றார். வண்டியை எடுக்கச் சாவியில் கைவைத்தவர் எடுக்கவில்லை. "இன்னொரு தடவ சொல்லுங்க."

அவள் சொன்னாள்.